பாதியில் விட்டு வைக்கும் பக்கம்: கண்டி வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்ட்

கண்டி மாவட்டத்தில் ஆறு கல்வி வலயங்கள்: கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, தெல்தெனிய, வத்தேகம. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்குத் தொடுதிரைகள் வந்து சில காலமாகிறது. புசல்லாவை, தெல்தோட்டை, பன்வில பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு அவை மெதுவாகத்தான் ஏறி வருகின்றன. பழைய மாணவர் சங்கம், ஒரு வங்கியின் சமூக நிதி, மாகாண ஒதுக்கீடு, வெளிநாட்டு உதவி என்று ஏதாவது ஒரு கை கொடுத்தால்தான் உண்டு. திரை வருகிற அன்று நாடா வெட்டுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில் அதில் என்ன செய்வது என்று அந்த விழாவில் யாரும் பேசுவதில்லை. நான் எழுத வந்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டுக்கென்று ஆயத்தம் செய்யும் பாடம், வகுப்புக்குள் வரும்போது முடிந்த பாடமாக இருக்கக் கூடாது. ஆசிரியர் இரவு விழித்துப் படம், அம்புக்குறி, நிறம், சத்தம் எல்லாம் போட்டு முடித்துக்கொண்டு வந்த பக்கத்தில் பிள்ளைக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. பார்க்கலாம், கொப்பியில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பாதியில் விட்ட பக்கம் வகுப்பைப் பேச வைக்கும். இதைச் சொல்வது எளிது. ஏன் அப்படி, அதை எப்படிச் செய்வது, கண்டியின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் எது குறுக்கே நிற்கிறது என்பவைதான் பார்க்க வேண்டியவை.

ஸ்மார்ட் போர்ட் என்பது உண்மையில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். கனடாவின் கல்கரி நகரில் 1987 இல் டேவிட் மார்ட்டினும் நான்சி நோல்டனும் தொடங்கிய ஸ்மார்ட் டெக்னாலஜிஸ், 1991 இல் அந்தப் பலகையை விற்பனைக்கு விட்டது. அக்காலத்துப் பலகைக்குத் தனியாக ஒரு கணினியும் மல்டிமீடியா புரொஜெக்டரும் வேண்டும். எழுதுகிறவரின் நிழல் எழுத்தின் மேலேயே விழும். ஜன்னல் வெளிச்சத்தில் படம் வெளிறிப் போகும். இப்போது வருவது கணினியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பெரிய எல்.ஈ.டி. திரை. 65, 75, 86 அங்குலம் என்று அளவுகள், விலை பல இலட்சம் ரூபாய். நிழல் பிரச்சினை போய்விட்டது, வெளிச்சப் பிரச்சினையும் பெரும்பாலும் போய்விட்டது. பாடப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

உலகம் கண்ட விளைவு

இந்தப் பலகையை நம்பி முதலில் பெருந்தொகை செலவழித்த நாடு பிரித்தானியா. 2000 களின் தொடக்கத்தில் அங்கே அரசே பாடசாலைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. அதனால் ஆராய்ச்சியும் அங்கிருந்துதான் அதிகம் வந்தது. இலண்டன் இடைநிலைப் பாடசாலைகளைப் பார்த்த ஜெம்மா மாஸ் தலைமையிலான குழு 2007 இல் தந்த அறிக்கை, பலகை வந்த முதலாண்டில் மாணவர் பெறுபேறுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதில் உள்ள ஓர் அவதானம். பின்தங்கிய வகுப்புகளில் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பலகைக்கு வந்து எதையோ இழுத்து வைத்துவிட்டுப் போகும்போது, மற்றவர்களின் பாடம் அப்படியே நின்றுபோனது. ஊடாட்டம் என்று நாம் கைதட்டி வரவேற்கும் காட்சியே பலருக்குக் காத்திருப்பாக முடிந்தது.

அதற்கு ஓராண்டு முன் ஸ்மித், ஹார்ட்மன், ஹிக்கின்ஸ் ஆகிய மூவரும் ஆரம்பப் பாடசாலைகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். பலகை உள்ள பாடங்கள் வேகமாக ஓடின, குழுவேலை குறைந்தது. ஆசிரியர் கேட்பது, பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொல்வது, ஆசிரியர் ‘சரி’ என்பது என்ற பழைய சுழற்சி பெரிதாக மாறவில்லை. நம் வகுப்பறைகளை அறிந்த எவருக்கும் இது புதுச் செய்தியாக இராது.

மறுபக்கமும் உண்டு. மான்செஸ்டர் மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜெட் சோமெக் குழு, ஆசிரியர் இரண்டு ஆண்டளவு அந்தப் பலகையோடு பழகிய வகுப்புகளில் முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னது. அமெரிக்காவில் ராபர்ட் மார்சானோ 2009 இல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாக 16 சதமான நிலைகள் உயர்வு வந்தது. அந்த ஆய்வுக்குப் பின்னால் இருந்தது பலகை விற்கும் புரொமெதியன் நிறுவனம் என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஆனால் மார்சானோ மறைக்காமல் எழுதிய இன்னொரு விஷயத்துக்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். ஆய்வில் பங்கேற்ற ஆசிரியர்களில் 23 வீதமானோரின் மாணவர்கள் பலகை இல்லாத பாடத்தில்தான் நன்றாகச் செய்திருந்தார்கள். காரணம் தேடி வீடியோப் பதிவுகளைப் பார்த்தபோது நான்கு குறைகள் தெரிந்தன. வாக்கெடுப்பு நடத்திவிட்டு ஏன் அந்த விடை என்று பேசாமல் கடந்து போனது ஒன்று. பக்கங்களைக் கடகடவென்று தள்ளியது ஒன்று. ஒரே பக்கத்தில் படங்களை நிறைத்தது ஒன்று. சரியான விடைக்கு வரும் கைதட்டல் சத்தமும் பட்டாசுப் படமும் பாடத்தைவிடப் பெரிதாகிப் போனது கடைசி. இந்த நான்கும் நம்மூர் ஸ்மார்ட் போர்ட் பயிற்சி வகுப்புகளில் திறமையாகக் கற்றுக்கொடுக்கப்படும் விஷயங்கள் என்பது என் சொந்தக் குசும்பு.

மெக்சிக்கோவின் கதை சுருக்கமானது. விசென்டே ஃபாக்ஸ் அரசு என்சிக்ளோமீடியா என்ற பெயரில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடநூல்களை மின்வடிவாக்கிப் பலகைகளோடு நாடு முழுதும் கொண்டு சென்றது. பெரும் செலவு, நிறையக் குறைகூறல், அடுத்து வந்த அரசுகளின் காலத்தில் அது மெல்ல மங்கியது. கேரளம் வேறு வழியில் போனது. கைட் என்ற அரசுக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூலம் 4,752 பாடசாலைகளில் 45,000 வகுப்பறைகளுக்குப் பெரும்பாலும் மடிக்கணினியும் புரொஜெக்டருமே தந்தார்கள். கட்டற்ற மென்பொருளை வைத்தார்கள், ஆசிரியர்களை ஆசிரியர்களைக் கொண்டே பயிற்றுவித்தார்கள். தமிழ்நாடு அண்மையில் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று இறங்கியிருக்கிறது. இலங்கையில் இந்திய உதவியோடு காலி மாவட்டத்தின் 200 பாடசாலைகளுக்குக் கணினி அறைகளும் ஸ்மார்ட் போர்டுகளும் போயின. ஒன்பது தோட்டப் பாடசாலைகளைத் தரமுயர்த்தும் திட்டமும் அதே உதவியில் வந்தது. எனவே கருவி வருமா என்ற கேள்வி பழசாகிவிட்டது. தாமதமாகலாம், வந்து சேரும்.

மகாவலியை எப்படி வரைவது

பாதியில் விட்ட பக்கம் எப்படி இருக்கும் என்பதற்குக் கண்டிப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மகாவலி கங்கை, 335 கிலோமீட்டர், இலங்கையின் மிக நீண்ட ஆறு. வழமையான முறையில் ஆசிரியர் தீவின் படம் போட்டு, நீல நிறத்தில் ஆற்றை வரைந்து, அணைகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டு வருவார். அழகான பக்கம். பிள்ளைகள் பார்த்து வரைந்துகொள்வார்கள். ஆறு ஏன் அப்படி வளைகிறது என்று ஒருவருக்கும் தோன்றாது.

மாற்றிப் பாருங்கள். தீவின் வெறும் எல்லைக்கோடு. அதில் மூன்று புள்ளிகள்: ஹட்டன் பக்கத்து மலைநாடு, கண்டி, திருகோணமலையின் கொட்டியாரக் குடா. இந்த மூன்றையும் இணைக்கும் ஆற்றை வரையுங்கள் என்பது மட்டும்தான் வேலை. முதலில் எல்லாரும் தங்கள் கொப்பியில் வரைய வேண்டும். ஆசிரியர் சுற்றிவந்து பார்த்து, ஒன்றுக்கொன்று வேறுபட்ட நான்கு கோடுகளைத் தேர்ந்து, அந்த நால்வரை அழைத்து நான்கு நிறத்தில் திரையில் வரையச் சொல்கிறார். பெரும்பாலான கோடுகள் வடகிழக்கு நோக்கி ஏறக்குறைய நேராகவே போகும் என்று எதிர்பார்க்கலாம். எதையும் அழிப்பதில்லை. இப்போது ஒரு கேள்வி: பேராதனைப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தவர் யார்? அது எந்தப் பக்கம் ஓடியது? கெட்டம்பே பக்கம் வீடுள்ள பிள்ளை ஒன்று கை தூக்கும், கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை ஒன்று மறுத்துப் பேசும். அந்தச் சண்டையை மூன்று நான்கு நிமிடம் நடக்க விட வேண்டும்.

பிறகுதான் செய்மதிப் படம். கம்பளையிலிருந்து வடக்கே வந்து, பேராதனையைத் தொட்டு, கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் அரைவட்டமாகச் சுற்றி, பொல்கொல்லயைத் தாண்டித் தென்கிழக்காகத் திரும்பி, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்களைக் கடந்து, மினிப்பேக்கு அப்பால் மறுபடியும் வடக்கே போகிறது ஆறு. பிள்ளைகள் வரைந்த நான்கு கோடுகளும் அந்தப் படத்தின் மேல் அப்படியே கிடக்கின்றன. ஏன் இத்தனை சுற்று என்று அவர்களே கேட்பார்கள். நில உயரப் படத்தை அடியில் கொண்டு வந்தால் ஹந்தானையும் நக்கிள்ஸ் தொடரும் எழுந்து பதில் சொல்லும். பொல்கொல்லயில் 1976 முதல் ஆற்றின் ஒரு பங்கு சுரங்கத்தின் வழியே மாத்தளைப் பக்கம் திருப்பப்படுவதையும், 1985 இல் திறந்த 122 மீட்டர் உயர விக்டோரியா அணையையும் அதன் பின் சொன்னால் போதும், அவை இடம் தெரிந்து உட்காரும்.

இங்கே திரை இல்லாமல் செய்ய முடியாதது என்ன என்று பார்த்தால், பிள்ளையின் ஊகத்தின் மேல் உண்மையை வைத்துக் காட்டுவது ஒன்றுதான். கரும்பலகையில் அது சிரமம். மற்றதெல்லாம் வெண்கட்டியாலும் நடக்கும். ஒரு பாடத்தில் திரைக்கு வேலை ஐந்து நிமிடமா, முப்பது நிமிடமா என்று ஆசிரியர் முடிவு செய்வது இப்படித்தான் இருக்க வேண்டும்.

கணிதத்திலும் இதே வழி நன்றாக வரும். 0 இலிருந்து 1 வரை ஓர் எண்கோடு, வேறு ஒன்றும் இல்லை. எட்டில் மூன்று எங்கே, ஐந்தில் இரண்டு எங்கே? மூன்றும் எட்டும் பெரிய எண்கள் என்பதால் எட்டில் மூன்றுதான் பெரிது என்று நம்பும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் வைத்த புள்ளிகளும் மற்றவர்கள் வைத்த புள்ளிகளும் பெயர் இல்லாமல் திரையில் நிற்கட்டும். பிறகு அந்தக் கோட்டை நாற்பது சம பங்காகப் பிரித்துக் காட்டினால் ஒன்று 15 இலும் மற்றது 16 இலும் போய் நிற்கும். பெயர் போடாமல் வைப்பதற்குக் காரணம் உண்டு: நம் பிள்ளைகள் பிழைக்குக் கூச்சப்படுகிறவர்கள், பத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியாக இருந்தால் துணிவார்கள்.

விஞ்ஞானத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002 இல் தொடங்கிய ஃபெட் (PhET) கணினிப் பாவனைப் பரிசோதனைகள் பலருக்கும் தெரியும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் எப்படி ஒளிரும், சமாந்தரமாக இணைத்தால் எப்படி என்று முதலில் எழுதச் சொல்லிவிட்டு இயக்க வேண்டும். ஆனால் ஒன்று. மின்கலமும் குமிழும் கம்பியும் கடையில் கிடைக்கும்போது திரையில் குமிழ் எரிய வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உண்மைக் குமிழ் மேசையில் எரியட்டும். கம்பிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் இலத்திரனைக் காட்ட மட்டும் திரை வரட்டும்.

தமிழ்ப்பாடத்துக்கு எனக்குப் பிடித்த உத்தி மிக மலிவானது. ஒரு பிள்ளையின் கட்டுரைப் பத்தியை, அனுமதி கேட்டு, போனில் படம் பிடித்துத் திரையில் பெரிதாகப் போடுவது. வகுப்பு முழுதும் சேர்ந்து அதில் எந்த வாக்கியத்தை முன்னே கொண்டு வரலாம், எந்தச் சொல்லை வெட்டலாம் என்று பேசித் திருத்துகிறது. சிவப்பு மை கொப்பியில் தனியாகச் செய்யும் வேலை இங்கே நாற்பது பேருக்கு முன்னால், காரணத்தோடு நடக்கிறது. சொற்களை இழுத்துப் பெட்டிக்குள் விடும் விளையாட்டுகளை இணையத்திலிருந்து கொட்டிக் கொட்டி எடுக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அச்சடித்த செயலட்டையில் செய்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவை. திரைக்கு வந்ததால் ஒருவர் செய்ய முப்பத்தொன்பது பேர் பார்க்கிறார்கள்.

நாற்பது பேரும் ஒரு பேனாவும்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970 களில் ஒரு சின்ன விஷயத்தை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடியளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். தொடுதிரை இதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. அடுத்த பக்கம் விரல் நுனியில் காத்திருக்கும்போது மௌனம் யாருக்கும் பொறுப்பதில்லை. எனவே ஊகத்தைக் கேட்கும் பக்கத்தில் வேறு எதையும் வைக்காமல் இருப்பதும், விடையை அடுத்த பக்கத்தில்கூட வைக்காமல் இரண்டு பக்கம் தள்ளி வைப்பதும் ஆசிரியர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் நல்ல வேலி.

எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் பதில் காட்டுவதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. நம் தாத்தா பாட்டி காலத்துச் சிலேட்டு இதற்குத்தான் இருந்தது. இன்று வெள்ளைத்தாளை லமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுத்தால் மார்க்கரால் எழுதிக் காட்டலாம், துணியால் துடைக்கலாம். கொஞ்சம் தொழில்நுட்பம் வேண்டுமென்றால் ப்ளிக்கர்ஸ் அட்டைகள். பிள்ளை தன் அட்டையை நான்கு பக்கங்களில் எந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கிறதோ அதுவே விடை. ஆசிரியர் தன் போனால் ஒருமுறை வகுப்பை வருடினால் யார் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும். ஒரே ஒரு போன் உள்ள தோட்டப் பாடசாலைக்கும் இது எட்டும். மார்சானோ சொன்ன எச்சரிக்கை இங்கே மறுபடி வருகிறது: வாக்கு முடிந்தவுடன் சரி விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் வீண். பக்கத்திலிருப்பவரோடு பேசி மறுபடி வாக்களிக்கச் சொல்வது ஹார்வர்ட் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990 களில் பரவலாக்கிய வழி. தரம் 7 இலும் அது நடக்கும்.

இன்னொன்று அளவு. 75 அங்குலத் திரை ஏறக்குறைய 166 சென்றிமீட்டர் அகலம், 93 சென்றிமீட்டர் உயரம். அதை மாட்டுவதற்காகக் கழற்றப்படும் பழைய கரும்பலகை அதைப்போல் இரண்டு மடங்கு அகலமாவது இருக்கும். கடைசி வாங்கிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு மெய்யெழுத்தின் புள்ளி தெரிய வேண்டும். ‘க்’ உம் ‘க’ வும் குழம்பினால் வாக்கியமே குழம்பும். ஏழெட்டு வரிக்கு மேல் ஒரு பக்கத்தில் எழுதக் கூடாது என்பது என் கணக்கு.

அதனால்தான் பழைய பலகையைக் கழற்றாதீர்கள் என்று சொல்கிறேன். ஜப்பானிய ஆசிரியர்கள் கரும்பலகை எழுத்தை ஒரு கலையாகவே பயில்கிறார்கள். பாடத்தின் தொடக்கக் கேள்வி இடக்கை ஓரத்தில், பிள்ளைகளின் வெவ்வேறு வழிகள் நடுவில், வகுப்பு வந்தடைந்த முடிவு வலக்கை ஓரத்தில். மணி அடிக்கும் வரை எதையும் அழிப்பதில்லை. தாமதமாகப் புரிந்துகொள்கிற பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்க இடம் இருக்கிறது. தொடுதிரையில் பக்கம் தள்ளியவுடன் முன் நடந்தது மறைந்துபோகிறது. திரையும் பலகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஓடுவது திரையிலும் நிற்க வேண்டியது பலகையிலும் என்று பிரித்துக்கொள்ளலாம். செலவே இல்லாத ஏற்பாடு.

பாமினி, ஒட்சிசன், இடிமின்னல்

தமிழ்மொழிமூல ஆசிரியருக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. நடுவண் பயிற்சிகளில் அவை பேசப்படுவது குறைவு. முதலாவது பாமினி. இலங்கையில் வினாத்தாள், செயலட்டை, பாடக்குறிப்பு என்று ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தட்டச்சு செய்து வைத்தது பாமினி எழுத்துருவில். வீட்டுக் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த கோப்பை பென் டிரைவில் கொண்டு போய் அன்ட்ரொயிட் திரையில் திறந்தால் அந்த எழுத்துரு அங்கே இல்லை, வெறும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்கும். அவசரத்துக்கு வழி, வீட்டிலேயே பி.டி.எஃப். ஆக்கிக்கொண்டு போவது. ஆனால் பி.டி.எஃப். பக்கத்தில் சொற்களை நகர்த்த முடியாது. அதாவது முடிந்த பக்கம். நிரந்தர வழி யுனிகோட்டுக்கு மாற்றுவது. மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வலயத்தில் இரண்டு பேர் ஒரு விடுமுறை உட்கார்ந்தால் பல ஆண்டுச் சேமிப்பு உயிர் பெறும்.

இரண்டாவது, தமிழில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாட வீடியோக்களில் கணிசமானவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எழுதப்பட்டவை. அங்கே ஆக்சிஜன், செல், ஒளிச்சேர்க்கை. இங்கே பரீட்சைத்தாளில் ஒட்சிசன், கலம், ஒளித்தொகுப்பு. வளர்ந்தவருக்கு இது ஒன்றுமில்லை. புலமைப்பரிசிலுக்கோ சாதாரண தரத்துக்கோ படிக்கும் பிள்ளைக்கு இது புள்ளி இழப்பு. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் பாட வளங்கள் உண்டு, 2020 பெருந்தொற்றுக் காலத்தில் நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர பாடங்கள் தமிழில் வந்தன. இவை எல்லாம் பார்ப்பதற்கானவை. நிறுத்தி, எழுதி, நகர்த்திக் கற்பிக்கக்கூடிய வடிவில் இலங்கைப் பாடத்திட்டத்துத் தமிழ்ப் பக்கங்கள் போதவில்லை. அக்குறணை, மடவளை முஸ்லிம் பாடசாலைகளும் தோட்டப் பாடசாலைகளும் நகரத் தமிழ்ப் பாடசாலைகளும் ஒரே பரீட்சைக்கு ஒரே மொழியில் ஆயத்தமாகின்றன. ஒருவர் செய்த பக்கம் மற்றவருக்குப் போய்ச் சேர வழியில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வானம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கண்டியில் பிற்பகல் இடிமின்னல் சாதாரணம். பாடசாலை விட்டதும் செருகியைக் கழற்றிவிட்டுப் போவது யார் பொறுப்பு என்று எழுதி ஒட்டியிருக்காவிட்டால் பல இலட்ச ரூபாய்த் திரை ஒரு மாலையில் போய்விடும். மின்சாரம் இல்லாத நாளுக்கான மாற்றுப் பாடமும் வேண்டும்: 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டைப் பார்த்த நாடு இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகளில் அதிக உயிர்களை இழந்த மாவட்டமும் கண்டிதான். அத்தகைய நாட்களில் பலகையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பாடசாலை திறந்த பின், கம்பிகளும் சுவர்களும் காயும் வரை ஆசிரியர் வெண்கட்டியோடுதான் நிற்பார். பாதிப் பக்கமாக ஆயத்தம் செய்த பாடம் அங்கேயும் உதவும்; மூன்று புள்ளியும் ஒரு கேள்வியும் எந்தப் பலகையிலும் வரைய முடிந்தவை.

மின்னலைவிட அதிகமாகத் திரைகளைக் கெடுப்பது பூட்டு என்று சொல்லலாம். பழுதானால் யார் கட்டுவது என்ற பயத்தில் திரையை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் தொங்கவிடும் வழக்கம் இருக்கிறது. அதிபரைக் குறை சொல்லிப் பயனில்லை; பொருட்பதிவேட்டில் அவர் கையொப்பம்தான் இருக்கிறது. ஆனால் கிழமைக்கு ஒருமுறை வரிசையில் அழைத்துப் போய்க் காட்டும் அறையாக அது மாறிவிட்டால், சோமெக் குழு சொன்ன அந்த இரண்டு ஆண்டுப் பழக்கம் எந்த ஆசிரியருக்கும் வரப்போவதில்லை.

ஆசிரியரின் இரவு

ஆயத்தத்துக்கு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. பாடவேளையோ குறுகியது. சாதாரண தர வகுப்பென்றால் கடந்தகால வினாத்தாள் செய்து முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. இங்கே நான் சொல்லும் முறைக்கு ஒரு சாதகம் உண்டு. முடிந்த பக்கம் செய்ய மூன்று மணி நேரம் பிடித்தால், பாதிப் பக்கம் செய்யக் கால் மணி நேரம் போதும். நேரம் போவது கேள்வியை யோசிப்பதில். எந்த இடத்தில் பிள்ளைகள் பிழை விடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதை வினாத்தாள் திருத்திப் பழகிய அனுபவசாலி ஆசிரியர்கள், மென்பொருளைக் கண்டு மிரளும் அதே ஆட்கள், நன்றாக அறிவார்கள். மென்பொருள் தெரிந்த இளம் ஆசிரியரையும் பிழை தெரிந்த மூத்த ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி என்ற பெயரில் இதற்கென ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. அந்த அமர்வுகளில் வெளியிலிருந்து ஒருவர் வந்து விரிவுரை செய்வதற்குப் பதிலாக, ஒரே ஒரு பாடத்தை இருவர் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க மற்றவர் பின்வாங்கில் இருந்து பிள்ளைகளைக் கவனிக்கலாம்.

2007 பாடத்திட்டச் சீர்திருத்தம் ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளை ஆசிரியர் வழிகாட்டிகளில் கொண்டு வந்தது. நடைமுறையில் அது பாடக்குறிப்பில் நிரப்பும் ஐந்து கட்டங்களாகச் சுருங்கிப் போன இடங்கள் நிறைய. முதலிரண்டு படிகளுக்கு இடம் கொடுக்காத திரைப் பாடம் மூன்றாவது படியில் தொடங்கி அங்கேயே முடிகிறது. அந்தச் சீர்திருத்தம் கேட்டதும் பாதிப் பக்கத்தைத்தான்.

மென்பொருளுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை. சுவிஸ் நாட்டு லொசான் பல்கலைக்கழகத்தில் பிறந்து, ஆபிரிக்கப் பாடசாலைகளுக்கான சங்கோரே திட்டத்தில் வளர்ந்து, இன்று ஜெனீவாவில் பராமரிக்கப்படும் ஓப்பன்போர்ட் கட்டற்றது. பழைய மடிக்கணினியிலும் ஓடும், தமிழ் யுனிகோட்டையும் ஏற்கும். திரை இல்லாத பாடசாலை அதையே சாதாரணப் புரொஜெக்டரோடு பயன்படுத்தலாம்.

பக்கங்களைப் பெருக்குவதற்கு ஆட்கள் எங்கே என்றால், பத்தனை ஸ்ரீபாத தேசியக் கல்வியியல் கல்லூரியைப் பார்க்கலாம். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க ஜெர்மன் உதவியோடு வந்த கல்லூரி அது. கல்வியியல் கல்லூரிப் பயிற்சியின் மூன்றாம் ஆண்டு பாடசாலைகளில் உள்ளகப் பயிற்சியாகக் கழிகிறது. அந்த ஆண்டில் ஒவ்வொரு பயிலுநரும் தன் பாடத்தில் ஐந்து பாதிப் பக்கங்களைச் செய்து, வகுப்பில் நடத்திப் பார்த்து, பிள்ளைகள் என்ன பிழை விட்டார்கள் என்ற அரைப்பக்கக் குறிப்போடு ஒப்படைக்க வேண்டும் என்று வைத்தால், இரண்டு மூன்று தொகுதிகளில் தரம் 6 முதல் 9 வரையான கணிதம், விஞ்ஞானம், புவியியல் ஓரளவு நிரம்பிவிடும். கோப்பு யுனிகோட்டில் இருக்க வேண்டும். கோப்பின் பெயரில் தரம், பாடம், அலகு மூன்றும் இருக்க வேண்டும். வலயக் கணினி வள நிலையத்தில் ஒரு பிரதி, ஈ-தக்சலாவவில் ஒரு பிரதி. பிழைக் குறிப்பை மட்டும் யாரும் சுருக்கிவிடக் கூடாது. அடுத்த ஆசிரியருக்குப் பக்கத்தைவிட அதுதான் அதிகம் பயன்படும்.